பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

நண்பர் ஒருவர் மத்திய பிரான்ஸின் மலைப்பாங்கான கிராமப்புறத்தில் பதினைந்து நாட்கள் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தார். மேற்கே லிமோஜ் நகரில் தொடங்கி, மாஸிஃப் சென்ட்ரல் மேட்டுநிலத்தைக் குறுக்காகக் கடந்து, கிழக்கே ஸேந்த்-எத்தியென் நகரில் முடித்திருக்கிறார். பெரிய சாலைகளை ஒதுக்கிவிட்டு, வரைபடத்தில் மெல்லிய கோடாகக் கிடக்கும் சிறு சாலைகளையே தேர்ந்தெடுத்தாராம். ஏற்றம், இறக்கம், புல்வெளி, பைன் காடு, ஒரு தேவாலயக் கோபுரம், மறுபடியும் ஏற்றம். ஒரு மணி நேரம் போனாலும் ஒரு கார் எதிரே வராது என்றார்.

படங்களைக் காட்டினார். லிமோஜுக்கு அருகிலுள்ள ஒராதூர்-ஸுர்-க்ளான் என்ற ஊரில் எடுத்தவை நாற்பதுக்கு மேல் இருந்தன. பயணத்தின் மறுகோடியில் உள்ள லெ ஷாம்போன்-ஸுர்-லின்யோன் என்ற ஊரில் எடுத்தது ஒன்றே ஒன்று. ஒரு தெரு, ஒரு ரொட்டிக்கடை, சாய்த்து வைத்த சைக்கிள். ஏன் இங்கே ஒன்று மட்டும் என்று கேட்டேன். 'அங்கே பார்க்க ஒன்றுமில்லை' என்றார்.

நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. இரண்டு ஊர்களுமே இரண்டாம் உலகப்போரில் நேர்ந்தவற்றால் அறியப்படுபவை. ஒன்றில் ஒரு மாபெரும் தீமை நிகழ்ந்தது. மற்றதில் ஒரு பெரிய நன்மை, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நிகழ்ந்தது. தீமை நடந்த இடத்தில் பார்க்க நாற்பது விஷயங்கள் இருக்கின்றன. நன்மை நடந்த இடத்தில் ஒரு ரொட்டிக்கடைதான் இருக்கிறது. இது நண்பரின் காமிராவின் குறையா, நம் எல்லோருடைய பார்வையின் குறையா, அல்லது நன்மை என்பதன் இயல்பே இதுதானா? நான் அந்தச் சாலைகளில் போனவனில்லை. புத்தகங்களின் வழியாகவும், நண்பர் விட்டுப்போன வரைபடத்தின் வழியாகவும் அறிந்தவற்றை வைத்துத்தான் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

1

முதலில் சைக்கிள். காரில் வருகிறவனைவிடத் தான் மேலானவன் என்ற எண்ணம் சைக்கிளில் வருகிறவனுக்கு உண்டு. தன் கால்களால் ஏறி வந்ததால் அந்தக் காட்சி தனக்கு உரிமையாகிவிட்டது என்று நினைக்கிறான். யாத்ரீகனுக்கும் இதே எண்ணம்தான். நண்பர் வழியில் கண்ட லெ புயி நகரில் எரிமலைப் பாறையொன்றின் உச்சியில் பத்தாம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது, 268 படிகள். படி ஏறாமல் அதைப் பார்ப்பது பார்ப்பதாகாது என்று ஏறியவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

இந்த எண்ணத்தைப் பற்றி ஒரு விவாதமே பிரான்ஸில் நடந்திருக்கிறது. ஸேந்த்-எத்தியென்னில் பால் தெ விவி (1853-1930) என்று ஒருவர் இருந்தார். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிள் தொழிலுக்கு வந்தவர். சைக்கிளுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். மேடுகளில் மிதிப்பதைச் சுலபமாக்கும் பல்வேறு கியர்களுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். எதிர்த்தரப்பில் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய அன்றி தெக்ராஞ்ஜ். கியர் என்பதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு. தசையின் வலுவால் வெல்வதே வெற்றி, யந்திரத்தின் தந்திரத்தால் வெல்வது வெற்றியல்ல என்பது 1902ல் அவர் எழுதியதன் சாரம். 1937 வரை அவருடைய பந்தயத்தில் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்படவில்லை.

தெக்ராஞ்ஜ் சொல்வது நமக்கு அன்னியமானதல்ல. கஷ்டம் என்பதாலேயே ஒன்று உயர்ந்தது என்று நினைக்கும் பழக்கம் நம் சிறுபத்திரிகைச் சூழலிலும் வேரூன்றியிருக்கிறது. புரியாத கவிதை, முந்நூறு பிரதி, கையைக் கடிக்கும் அச்சுச் செலவு - இவை நேர்ந்துவிட்ட நிலைமைகள் என்பதை மறந்து, இவற்றையே தகுதிகளாக எண்ணத் தொடங்கிவிட்டோம். ஏற்றம் ஏறியவனுக்கு மூச்சு வாங்குகிறது என்பதால் அவன் கண்டது உண்மையாகிவிடாது.

வெலோசியோ தன் வாசகர்களுக்குச் சில விதிகள் வகுத்தார். பசிக்கு முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி என்பது போன்ற உடம்பைப் பற்றிய விதிகள் அவை. ஆனால் அவற்றில் ஒன்று உடம்பைப் பற்றியதல்ல: தன் அகம்பாவத்துக்காக மிதிக்கக்கூடாது என்பது. ஸேந்த்-எத்தியென்னிலிருந்து தெற்கே ஏறும் சாலையில், 1161 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரெபுப்ளிக் கணவாய் அவருக்குப் பிரியமான ஏற்றம். அங்கே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த ஏற்றத்தைச் சுலபமாக்கத்தான் அவர் பாடுபட்டார். மிஞ்சிய மூச்சில் சுற்றிலும் பார்க்கலாம் அல்லவா?

ஆக, உழைப்பு காட்சியின் மேல் உரிமை எதையும் தருவதில்லை. அது தரக்கூடியது வேகக் குறைவு மட்டும். மெதுவாகப் போகிறவனுக்குக் கவனிக்க அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் அவன் கவனிக்கிறானா என்பது வேறு விஷயம்.

2

ஒராதூருக்கு வருவோம். 1944 ஜூன் 10, சனிக்கிழமை பிற்பகல். நார்மண்டிப் போர்முனையை நோக்கி வடக்கே போய்க்கொண்டிருந்த ஜெர்மானிய எஸ்.எஸ். டிவிஷன் ஒன்றைச் சேர்ந்த படைப்பிரிவு ஊரைச் சூழ்ந்தது. ஆண்களைக் கொட்டில்களில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீயிட்டார்கள். ஒரே பிற்பகலில் 640க்கு மேற்பட்டோர். அவர்களில் 200க்கு மேல் குழந்தைகள். தேவாலயத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தவர் ஒரே ஒரு பெண்.

1945 மார்ச்சில் தெகோல் வந்து பார்த்தார். சிதைவுகளை அப்படியே விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. 1946ல் சட்டமும் வந்தது. புதிய ஊர் பக்கத்தில் கட்டப்பட்டது. பழைய ஊர் கூரையற்ற சுவர்களோடு நிற்கிறது. டிராம் தண்டவாளம், துருப்பிடித்த கார்கள், இடிபாடுகளில் தையல் மெஷின்கள், சைக்கிள்கள். நண்பர் எடுத்த படங்களில் அதிகம் இவைதான். மெஷினை யாரோ இப்போதுதான் மிதித்துவிட்டு எழுந்து போனதுபோல இருந்தது என்றார்.

அந்தப் பிற்பகலைப் பற்றிய ஒரு தகவல் நண்பருக்குத் தெரிந்திருக்கவில்லை. கொல்லப்பட்டவர்களில் ஆறு பேர் ஊர்க்காரர்களே அல்ல. சைக்கிளில் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள். சிப்பாய்கள் வந்த நேரத்தில் ஊருக்குள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசவில்லை. அதிர்ச்சி எண்ணிக்கையினால் அல்ல. 640ல் ஆறு பெரிதல்ல. வழிப்போக்கன் என்ற ஸ்தானமே அங்கே குலைந்துவிடுகிறது. சுற்றுலாவின் அடிப்படையே, நான் இந்த ஊரைச் சேர்ந்தவனல்ல, பார்த்துவிட்டுப் போகிறவன் என்பதுதான். சரித்திரம் ஊர்க்காரர்களுக்கு நேர்வது. நமக்கு அது காட்சி. அந்த ஆறு பேரும்கூட ஒரு ஜூன் மாத மதியத்தில் அப்படித்தான் மிதித்துக்கொண்டு வந்திருப்பார்கள். அமைதியான சாலை என்பது அந்தச் சாலையின் குணமல்ல, அன்றைய தினத்தின் குணம் மட்டுமே.

சிதைவுகளைப் பார்ப்பதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. எரிந்த சுவரின் முன்னால் நிற்கிற எவனும் தன்னைச் சுட்டவர்களின் இடத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. இடிபாடு நம்மை உடனே இறந்தவர்கள் பக்கம் சேர்த்துவிடுகிறது, செலவில்லாமல். என்ன செய்யப்பட்டது என்பதைத்தான் அது காட்டும். யார் செய்தார்கள் என்பதைக் காட்டாது. 1953ல் போர்தோ நகரில் நடந்த விசாரணையில் கூண்டில் நின்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேர் அல்ஸாஸ் பகுதிக்காரர்கள். அல்ஸாஸை ஜெர்மனி இணைத்துக்கொண்டிருந்தது. 13 பேர் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர்கள். ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைக் கொளுத்திய படையில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். தீர்ப்பு வந்த சில நாட்களில் நாடாளுமன்றம் அந்த 13 பேருக்கும் பொதுமன்னிப்பு வழங்கியது. அல்ஸாஸ் ஆறுதல் அடைந்தது. ஒராதூர் மக்கள் கொதித்தெழுந்து அரசோடு உறவையே முறித்துக்கொண்டார்கள்.

அந்த 13 பேரைப் பற்றி நினைக்காமல் ஒராதூரைப் பார்ப்பது அரைப் பார்வைதான். மறுத்தால் குடும்பத்துக்கு ஆபத்து என்ற நிலையில், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து அந்தப் பிற்பகலில் துப்பாக்கியோடு நின்றவன் நானாக இருந்தால்? இந்தக் கேள்வியைத் தையல் மெஷின் கேட்பதில்லை.

3

இதே கேள்விக்கு லெ ஷாம்போன் வேறொரு பதில் சொல்லிற்று. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் குளிர்ந்த மேட்டுநிலம். மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். 1685க்குப் பிறகு அரசால் வேட்டையாடப்பட்டவர்களின் வம்சம். ஆந்த்ரே த்ரோக்மே, எதுவார் தேய்ஸ் என்ற இரு பாதிரிமார்கள், பிரான்ஸ் சரணடைந்த மறுநாளே, ஆத்மாவின் ஆயுதங்களைக் கொண்டு எதிர்க்க வேண்டும் என்று சபையில் பேசினார்கள். பிறகு நடந்தவற்றில் சாகசம் என்று சொல்ல அதிகமில்லை. யூதர்கள், பெரும்பாலும் குழந்தைகள், சிறிய ரயிலில் மலையேறி வந்தார்கள். பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளியில் உட்கார வைத்தார்கள். போலிக் காகிதங்கள் தயாராயின. ஆபத்து வரும்போது காட்டுக்குள் அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகளில் இப்படி அந்த மேட்டுநிலத்தில் அடைக்கலம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

1942 ஆகஸ்டில் அதிகாரிகள் வந்து யூதர்களின் பட்டியலைக் கேட்டபோது, யூதர்கள் யாரென்று தமக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்று த்ரோக்மே சொல்லிவிட்டார். தேடினார்கள், கிட்டத்தட்ட ஒன்றும் அகப்படவில்லை.

அகப்படவில்லை என்பதுதான் முக்கியம். அந்த ஊர் செய்த காரியமே மறைப்பது. மறைப்பவனின் வெற்றி, காண ஒன்றும் இல்லாமற் போவதில் இருக்கிறது. தேடி வந்தவன் ஒரு தெருவையும் ரொட்டிக்கடையையும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அன்று போலீஸ்காரன் கண்டது அதுதான். இன்று நண்பர் கண்டதும் அதுதான். கொலை நடந்த வீடு இடிபாடாக நிற்கிறது. அடைக்கலம் தந்த வீடு வீடாகவே இருக்கிறது. அதில் யாரோ குடியிருக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள். நன்மைக்கு இடிபாடு கிடையாது.

இங்கே ஒரு பழைய தத்துவப் பிரச்னை குறுக்கிடுகிறது. கொலைகாரன் வாசலில் வந்து நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று காண்ட் 1797ல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். நம் வள்ளுவர் வாய்மையைப் பேசுகிற அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை விளைவதானால் பொய்க்கும் இடமளித்துவிடுகிறார். லெ ஷாம்போன் காண்டின் உதாரணத்தை நான்கு ஆண்டுகள் வாழ்ந்து பார்த்த ஊர். கொலைகாரன் உண்மையாகவே வாசலில் நின்றான். ஊர் பொய் சொல்லிற்று.

ஆனால் பொய் அவர்களுக்குப் பழக்கமாகிவிடவில்லை. 1943 பிப்ரவரியில் த்ரோக்மேயும் தேய்ஸும் கைதாகி லிமோஜ் அருகில் ஒரு முகாமில் வைக்கப்பட்டார்கள். ஒராதூரிலிருந்து அதிக தூரமில்லை. சில வாரங்களில் விடுதலை உத்தரவு வந்தது. அரசுத்தலைவர் பெத்தானின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்திட்டுவிட்டு வெளியே போய் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கலாம். இருவரும் மறுத்துவிட்டார்கள். பிறரைக் காக்கப் பொய்யான காகிதங்களுக்கு இடம் கொடுத்தவர்கள், தம்மை விடுவித்துக்கொள்ள ஒரு பொய்க் கையெழுத்து இடவில்லை. பிறகு எப்படியோ விடுவிக்கப்பட்டார்கள் என்பது வேறு விஷயம். காண்டுக்கும் வள்ளுவருக்கும் இடையிலான தகராறு தர்க்கத்தில் தீராமல் போகலாம். பொய்யின் பலன் யாருக்குப் போகிறது என்று பார்த்து அவர்கள் அதை நடைமுறையில் தீர்த்துக்கொண்டார்கள்.

4

இதை இப்படியே விட்டால் கட்டுரை ஒரு தோத்திரமாகிவிடும். இரண்டு ஆட்சேபங்கள் உண்டு.

முதலாவது ஃபிலிப் ஹாலி என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியருடையது. கொடுமையைப் பற்றி ஆராய்ந்து ஆராய்ந்து மனம் கசந்திருந்த நிலையில் இந்த ஊரைப் பற்றி அறிந்து, 1979ல் ஒரு புத்தகம் எழுதினார். நன்மையை நேரில் கண்டதுபோல் அழுதாராம். ஆனால் அவரே போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஹிட்லரை நிறுத்தியது லெ ஷாம்போன் அல்ல, தன்னைப் போன்றவர்கள் கொலைசெய்துதான் நிறுத்தினார்கள் என்ற எண்ணம் அவரைக் கடைசிவரை விடவில்லை. லெ புயியில் குன்றின் மேல் நிற்கும் மாதா சிலை, ரஷ்யாவிடமிருந்து செவாஸ்தபோலில் கைப்பற்றிய 213 பீரங்கிகளை உருக்கி 1860ல் வார்த்தது. கையில் குழந்தையோடு நிற்கிறாள். பீரங்கியில் பிறந்த சாந்தம் என்று அதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் ஹாலியின் நிலைமையும் அதுதான். லெ ஷாம்போனின் அமைதியைப் பற்றி நாம் உட்கார்ந்து பேச முடிவதற்கும் எங்கோ பீரங்கிகள் காரணம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று சொல்லலாம்: தடுப்பது வேறு, காப்பது வேறு. உலகத்துக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஆனால் கதவைத் தட்டிய குழந்தைக்கு வேண்டியிருந்தது இரண்டாவதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் எனக்கே தோன்றுவது. இது இன்னும் தொந்தரவானது. நன்மை கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால், ஒன்றும் செய்யாதவனுக்கும் அது வசதியாகிவிடும். நானும் ஓசையில்லாமல் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று எவனும் சொல்லிக்கொள்ளலாம். விளம்பரமில்லாமை, சிறு வட்டம், அடக்கம் ஆகியவற்றைப் பெருமையாகப் பேசும் நமக்கு இந்த ஆபத்து அதிகம். செயலின்மைக்கும் சுவடு கிடையாது. சுவடில்லாத இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

விடை அந்த ஊரிலேயே இருக்கிறது. தேவாலயத்துக்கு எதிரே 1979ல் ஒரு பலகை பதிக்கப்பட்டது. அதைப் பதித்தவர்கள் ஊர்க்காரர்கள் அல்ல, அங்கே ஒளிந்து பிழைத்த யூதர்கள். நண்பர் அதைக் கவனிக்கவில்லை. அவர் படத்தில் அது இல்லை. 1990ல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் கௌரவித்தது. நினைவகம் என்று ஒன்று 2013ல்தான் திறக்கப்பட்டது. செய்தவன் சொல்லி அல்ல, பெற்றுக்கொண்டவன் சொல்லித்தான் நன்மை தெரியவருகிறது. செய்தவனின் சாட்சி இங்கே செல்லாது. நன்மையின் சுவடு கட்டடத்தில் இல்லை, உயிரோடிருக்கும் மனிதர்களில் இருக்கிறது; அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் இருக்கிறது. எனவே, நான் ஓசையில்லாமல் செய்கிறேன் என்பவனிடம் ஒன்று கேட்கலாம்: யார் சொல்கிறார்கள்?

எல்லோரும் காப்பாற்றப்பட்டுவிடவும் இல்லை. 1943 ஜூனில் மாணவர் விடுதி ஒன்றில் ஜெர்மானியர்கள் நுழைந்தார்கள். அதன் பொறுப்பாளர், த்ரோக்மேயின் உறவினர் தானியேல் த்ரோக்மே, ஓடிவிட வாய்ப்பிருந்தும் பிள்ளைகளோடு போனார். மறு ஆண்டு போலந்தில் மாய்தானெக் முகாமில் இறந்தார்.

5

ஆல்பெர் காம்யு 1942 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு மேல் லெ ஷாம்போன் அருகில் பனலியே என்ற குக்கிராமத்தில் தங்கியிருந்தார். காசநோய். சிகிச்சைக்காக அவ்வப்போது ஸேந்த்-எத்தியென் போய்வருவார். மலை ஏற முடியாத சுவாசத்தோடு அங்கே இருந்த மாதங்களில்தான் அவருடைய ஸிஸிஃபஸ் பற்றிய நூல் வெளிவந்தது. 'கொள்ளைநோய்' நாவலில் அவர் உழைத்ததும் அங்கேதான். பாறையை உருட்டி ஏறுபவனைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டோம். நாவலில் வேறொரு இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோயை எதிர்த்துச் சுகாதாரக் குழுக்கள் அமைத்தவர்களை அளவுக்கு மீறிப் புகழ கதைசொல்லி மறுக்கிறான். நல்ல செயலை அதிகம் புகழ்வது, அப்படிப்பட்ட செயல் அபூர்வம் என்றும் தீமையே இயல்பு என்றும் ஒப்புக்கொள்வதாகும் என்பது அவன் வாதம்.

இந்த வாதத்தை ஒரு கதவின் முன் வைத்துப் பார்க்கலாம். 1940-41 குளிர்காலத்தில் ஒரு யூதப் பெண் பாதிரியாரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவர் அவர் மனைவி மக்தா த்ரோக்மே. உள்ளே வரச்சொன்னார். ஈரமான காலணிகளை உலர வைக்கப்போய் அவை கருகிவிட்டன. பண்டங்கள் கிடைக்காத அந்த நாட்களில் வேறு காலணி தேடி அலைந்தார். உதவி கேட்டு மேயரிடம் போனார், மேயர் மறுத்துவிட்டார். அந்தப் பெண்ணை வேறிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. நன்மையின் சரித்திரம் இப்படித்தான் தொடங்கியது: கருகிய காலணியோடும் ஒரு தோல்வியோடும்.

நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். அந்த மேட்டுநிலத்தில் யாரிடமாவது பேசினீர்களா? யோசித்தார். ஒரு பண்ணை வீட்டில் தண்ணீர் கேட்டதாகவும், வயதான அம்மாள் ஒருத்தி குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் நிரப்பிக் கொடுத்ததாகவும் சொன்னார். எந்த ஊர், என்ன பெயர் என்றுகூட அவள் கேட்கவில்லையாம். படம் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை. நான் கேட்டிருக்காவிட்டால் நினைவுக்கே வந்திருக்காது என்றார்.

தண்ணீர் கொடுப்பதையும் உயிரைப் பணயம் வைத்து மறைப்பதையும் ஒன்றாக்குவது அபத்தம். அந்த அம்மாளின் வீட்டுக்கும் 1942க்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. ஆனால் முன்பின் தெரியாதவன் தட்டும்போது கதவு திறப்பதா வேண்டாமா என்பது, தட்டுகிற நேரத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. அதற்கு முன்னால், யாரும் பார்க்காத, படமெடுக்காத பல நாட்களில் அது தீர்மானமாகிவிடுகிறது. நண்பர் சொன்னது சரிதான், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.